பியானோ ஏறியிருக்கு

மெரின் டேசி அன்றைக்கு அதை வேண்டுமென்றே செய்தாளா, மறந்துபோய்ச் செய்தாளா என்று ஹோபார்ட்டில் இசைக்கருவி தொட்ட அத்தனை பேரும் என்னைக் கேட்டாகிவிட்டது. நான் அவளுடைய சிநேகிதி, அன்றைக்கு அதே மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அதனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். தெரியாது சாமி, தெரியாது. தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்?

மெரின் ஹோபார்ட்டுக்கு வெளியே ஹியூவன் பள்ளத்தாக்கில் பிறந்தவள். அப்பா கோல் டேசிக்கு ஆப்பிள் தோட்டம். பிறவியிலேயே அவளுக்கு ஒரு காது வாய்த்திருந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுவாள். யோசிக்கவே வேண்டாம், நமக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரிகிற மாதிரி. எங்கள் ஸ்வரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துதான் பெயர்; பள்ளிக்கூட பஸ் பிரேக் போட்டால் "ஈ" என்பாள். ஆப்பிளைத் தரம் பிரிக்கிற மெஷின் கொஞ்சம் சுருதி இறங்கினால், "அப்பா, மெஷினுக்கு உடம்பு சரியில்ல" என்பாளாம். மறுநாள் அது நின்றுபோகுமாம். கோல் இதைச் சொல்லிச் சொல்லி ஊரையே அலுக்க வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூட அலமாரியில் யாரும் சீண்டாமல் ஓர் ஓபோ கிடந்தது. நாதஸ்வரத்துக்கு இருப்பதைப் போல அதற்கும் சீவாளி உண்டு. மூச்சைப் பிடித்து ஊத வேண்டும், முகம் தக்காளியாகும், அதனால் எந்தக் குழந்தையும் கிட்டே போகாது. இவள் போனாள். ஓபோவுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா வாசிக்கத் தொடங்குமுன் முதல் வயலின்காரர் எழுந்து தலையசைப்பார், ஓபோ ஒரு ஸ்வரம் ஊதும். ஏ என்கிற ஸ்வரம். எழுபது பேரும் அதைக் கேட்டுத்தான் தந்தியை முறுக்குவார்கள். ஓபோ கொடுத்ததுதான் சுருதி, மேல்முறையீடு கிடையாது. இந்தக் காலத்து ஓபோக்காரர்கள் எதிரே சுருதி காட்டும் டியூனர் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் ஊசி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஊதுவார்கள். மெரின் மட்டும் பார்க்கவே மாட்டாள். கேட்டால், "அது எதுக்கு, படம் பாக்கவா?" என்பாள். அவ்வளவு திமிர், அவ்வளவு நியாயமான திமிர்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். வயலின் ஆல்பி கிராஸ்வெல், செல்லோ தெவிதா என்கிற தடியன், ஓபோ மெரின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா நான். என் பெயர் ஹெஸ்டர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே வாசிப்பது என்று ஆல்பிக்கு ஒரு வெறி. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கம்பித் தந்திகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்டுக்குடல் தந்தி மாட்டினோம். மெரின் பழைய மாதிரியில் செய்த, விரலால் அழுத்தும் சாவி இரண்டே இரண்டு உள்ள, மஞ்சள் மரத்து ஓபோ ஒன்றை வாங்கினாள். ஒத்திகைக்குக் கோல் தன் ஆப்பிள் ஷெட்டைக் கொடுத்தார். அதனால் எங்கள் பெயரே 'ஆப்பிள் ஷெட்' ஆகிவிட்டது. குளிர் என்றால் அப்படிக் குளிர், கையுறை போட்டுக்கொண்டுதான் டீயே குடிப்போம்.

சனியன், சுருதியில் வந்தது வினை. அந்தக் காலத்து ஏ இன்றைய ஏ-வைவிடக் கீழே. அரைக் கட்டைகூட இல்லை, அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைச்சல். நொடிக்கு நானூற்று முப்பது அதிர்வு, நானூற்று நாற்பது அதிர்வு என்ற கணக்கை வைத்துப் பழையதை 'முப்பது' என்போம், இன்றையதை 'நாற்பது' என்போம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினேன், வாசித்தேன், தீர்ந்தது. ஆனால் மெரினுக்கு? காகிதத்தில் ஏ என்று எழுதியிருக்கிறது, விரல் ஏ பிடிக்கிறது, காதில் விழுவது ஏ-வும் இல்லை, அதற்குக் கீழே உள்ள ஸ்வரமும் இல்லை. முதல் ஒத்திகையில் பாதி பக்கம் வாசித்துவிட்டு ஓபோவை வைத்தாள், வெளியே ஓடினாள், வாந்தி எடுத்தாள்.

"ஏம்மா, எங்க வாசிப்பு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றான் தெவிதா. "ஹெஸ் வாசிச்சதைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் குமட்டுச்சுதான். ஆனா நான் அடக்கிக்கிட்டேன் பாரு."

"வாயை மூடுடா தடியா," என்றேன் நான். வயோலாக்காரியைக் கிண்டல் செய்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பிறப்புரிமை. அதிலும் தெவிதாவுக்கு அது சாப்பாடு மாதிரி.

மெரின் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "எல்லாம் பேர் மாறிக் கூப்பிடற மாதிரி இருக்கு ஹெஸ். உன்னைப் பாத்து ஆல்பின்னு கூப்பிடச் சொல்றாங்க."

"அப்போ விட்டுடு," என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"விடறதா? அந்த ஓபோ சத்தத்தைக் கேட்டியா நீ? பேசுற மாதிரி இருக்குடி."

விடவில்லை. அவள் பிடிவாதம் கோல் டேசியின் பிடிவாதம். அந்த மழைக்காலம் முழுக்க வாந்தியும் தலைவலியுமாக ஊதினாள். டியூனரை ஏளனம் செய்தவளே அதை 'முப்பதில்' வைத்து, ஊசியைப் பார்த்து ஊசியைப் பார்த்து ஊதினாள். ஒருநாள் ஷெட்டுக்குள் நுழைந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

"ஹெஸ், இன்னைக்கு உடம்புக்கு ஒண்ணுமே செய்யலை. எல்லாம் சரியாக் கேக்குது. முப்பது தான் ஏ. அதுதான் வீடு மாதிரி இருக்கு."

"அட, நல்ல சேதிதானே!"

"வர்ற வழியில பஸ் பிரேக் போட்டுச்சு, அதோட சுருதி ஏறியிருக்கு. கடைக் கதவு மணி ஏறியிருக்கு. ஊரே ஏறியிருக்கு ஹெஸ்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு நாங்கள் வாசித்தோம் பாருங்கள், அந்த மாதிரி நான் என் வாழ்க்கையில் வாசித்ததில்லை. நாலு பேரும் ஒரே மூச்சு. ஆல்பி அழுதான். தெவிதாவுக்கு என்னைக் கிண்டல் செய்யக்கூடத் தோன்றவில்லை. அதைக் கேட்ட பிறகு யாருக்கு மற்றதெல்லாம் ஞாபகம் வரும்?

அடுத்த கோடையில் நகர ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஓபோ நாற்காலி காலியானது. இந்த ஊரில் அது காலியாவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை. கிடைத்தால் வாழ்நாள் முழுக்க ஹோபார்ட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மெல்போர்னுக்கோ எங்கேயோ போக வேண்டியதுதான். கோலுக்கு மனைவி இல்லை, முழங்காலும் போய்விட்டது. அவரை விட்டு மெரின் எங்கே போவாள்? விண்ணப்பித்தாள். திரைக்குப் பின்னால் ஊதினாள், யார் என்று தெரியாமலே அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு சில மாதம் பரீட்சைக்காலம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், கடைசியில் முடிவு சொல்வார்கள்.

நானும் அந்த ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறையும்போது பின்வரிசையில் உட்கார்கிறவள். அதனால் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. இப்போது மெரினுக்கு எதிரேயும் டியூனர். 'நாற்பதில்' வைத்து, கண்ணைச் சுருக்கி ஊசியைப் பார்த்து ஏ ஊதினாள். பாவம், அவள் காதுக்கு அது ஏ இல்லை. ஆனாலும் பிரமாதமாக வாசித்தாள். நாற்காலி அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமா? சந்தோஷம்தான். நாற்காலி கிடைத்தால் ஆப்பிள் ஷெட்டின் கதி என்ன என்று வயிற்றெரிச்சலா? அதுவும்தான். ஒரே நாளில் இரண்டும் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

பரீட்சைக்காலத்தின் கடைசிக் கச்சேரி ஒரு சனிக்கிழமை. அன்று காலையில் எங்களுக்கு ஷெட்டில் ஒத்திகை. மறுநாள் நகரத்தில் பேட்டரி பாயிண்ட் பகுதித் தேவாலயத்தில் வாசிப்பதாக ஏற்பாடு. ஒத்திகை முடிந்து சிப்பிக்கறி அடைத்த 'ஸ்காலப் பை' அப்பம் ஆளுக்கொன்று தின்றுவிட்டு, கோலின் பழைய வண்டியில் நானும் அவளும் நகரத்துக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. பதற்றம் என்று நினைத்தேன்.

மேடையில் விளக்கு எரிந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. பியானோவும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது, முதல் உருப்படியே பியானோவுக்கு எழுதியது. முதல் வயலின் அம்மாள் எழுந்தார், தலையசைத்தார். மெரின் டியூனரைப் பார்த்தாள். சீவாளியைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள், உதட்டைத் தளர்த்தினாள், ஊதினாள். அழகான ஏ. உருண்டு திரண்டு, வழவழவென்று வந்தது. நான் என் தந்தியைத் தளர்த்த ஆரம்பித்தேன். ஓபோ சொன்னால் வேதம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

முதல் வயலின் அம்மாள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி தலையசைத்தார். மெரின் மறுபடி ஊதினாள். அதே ஏ. அம்மாள் நடந்துபோய்ப் பியானோவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. கேட்கவே கூசியது. அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

மெரின் டியூனரைப் பார்த்தாள். பியானோவைப் பார்த்தாள். பிறகு, சாதாரணமாக, ஷெட்டில் எங்களிடம் சொல்கிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பியானோ ஏறியிருக்கு."

ஐயோ! எனக்கு வயோலாவுக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

டியூனர் 'முப்பதிலேயே' இருந்திருக்கிறது. காலையில் ஷெட்டில் வைத்ததை மாற்றவில்லை. ஊசி நடுவில் நின்றது. அவள் காதும் அதுதான் சரி என்றது. இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஓர் ஓபோக்காரி செய்யக்கூடிய தப்பில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை. ஆனால் எங்களைப் போல இரண்டு காலத்தில் காலை வைத்திருக்கிற பைத்தியங்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்கவும் முடியாது.

பியானோவிலிருந்து ஏ எடுத்துக்கொண்டு கச்சேரி நடந்தது. மெரின் சீவாளியை உள்ளே தள்ளிவிட்டு, காது வேண்டாம் என்று சொல்ல, விரலும் உதடும் மட்டும் வாசித்தாள். குறை சொல்ல முடியாத வாசிப்பு. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம். அப்படி வாசிக்க முடிந்தவளுக்கு அந்த ஒரு ஏ எப்படித் தவறியது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கச்சேரியையும் வாசித்து முடித்தோம். திங்கட்கிழமை ஆர்கெஸ்ட்ரா மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலை நாலு பேரும் ஷெட்டில் கூடினோம். யாரும் கருவியை எடுக்கவில்லை.

ஆல்பிதான் முதலில் வாயைத் திறந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது, அறையலாம் போல இருந்தது எனக்கு. "எனக்குத் தெரியும் மெரின். நீ நமக்காகத்தான் செஞ்ச. அந்த மேடையிலயே முப்பது ஊதிட்டியே! நெஞ்சுல அடிச்ச மாதிரி."

"டேய், அவ பொழைப்பு போயிடுச்சுடா! உனக்குக் கொண்டாட்டமா?" என்று கத்தினேன்.

"மறந்திருப்பா, அவ்வளவுதான்," என்றான் தெவிதா. "நான் போன வாரம் செல்லோவையே வீட்டுல மறந்துட்டு வந்தேன். அதுக்கு யாராவது அர்த்தம் சொன்னீங்களா?"

"உன் செல்லோ இல்லாம நல்லாத்தானே இருந்துச்சு," என்றேன்.

மெரின் ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பொழைப்பு போகலை ஹெஸ். இன்னும் ஒரு சீசன் தர்றாங்களாம். ஒரே ஒரு நிபந்தனை. முப்பதை விட்டுடணும். 'உன் காது திரும்பி வந்துரும், ஆனா ரெண்டு இடத்துலயும் இருந்தா வராது'ன்னு சொன்னாரு."

ஆல்பியின் முகம் விழுந்துபோனது.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்டே விட்டேன். "எனக்கு மட்டும் சொல்லு. மனசறிஞ்சு செஞ்சியா?"

"தினமும் மேடைக்குப் போற முன்னாடி டியூனரை மாத்துவேன். அன்னைக்கும் கையில எடுத்தேன், ஞாபகம் இருக்கு. பட்டன் மேல விரல் இருந்துச்சு. அழுத்தினேனா இல்லையான்னு ஞாபகமில்ல." என்னையே பார்த்தாள். "நீ என்னைக் கேக்கறே. நான் யாரைக் கேக்கறது? சத்தியமா எனக்கே தெரியல ஹெஸ்."

"நீ எதை வேணும்னு நினைக்கற, அதைச் சொல்லு," என்றான் தெவிதா மெதுவாக.

"அப்பா இங்க இருக்காரு. நான் இங்க இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

ஆல்பி எழுந்து வெளியே போனான். வண்டிக் கதவை அடைத்த அடியில் ஷெட் தகரம் அதிர்ந்தது. மெரின் மஞ்சள் மரத்து ஓபோவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, "இதை நீயே வெச்சுக்கோ, என் கண்ணுல படக் கூடாது" என்று என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சரி என்பதா தப்பு என்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. ஒரு சீசன் முழுக்க ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏ கொடுத்தாள், தவறவே இல்லை. கோல் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எங்களுக்கு வேறு ஓபோ அகப்படவில்லை. மூன்று பேருக்கு எழுதியதைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தோம். ஆர்கெஸ்ட்ராவில் பார்க்கும்போதெல்லாம் மெரின் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். ஒருநாள் மட்டும் இடைவேளையில், "எழுபது பேரைப் பாத்து தினமும் ஒரு பொய் சொல்றேன் ஹெஸ், எல்லாரும் அதை நம்பித் தந்தியை முறுக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, டீக்குப் பால் தீர்ந்துவிட்டது என்று பேச்சை மாற்றினாள்.

போன மாதம் பேட்டரி பாயிண்டில் நாங்கள் மூவரும் வாசித்தோம். முன்னதாகச் சுருதி சேர்க்கையில் பார்க்கிறேன், கடைசி வரிசையில் கம்பளிக் கோட்டோடு மெரின். நிபந்தனைப்படி அவள் வாசிக்கத்தான் கூடாது; கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தெவிதா அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரே டியூனரை வைத்து, ஊசி நடுவில் நிற்கும்வரை முளையைத் திருகி, நீளமாக ஓர் ஏ இழுத்தான். அவளுக்காகவே இழுத்தான், எனக்குத் தெரியும். நானும் ஆல்பியும் சேர்ந்துகொண்டோம். மெரின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாங்கள் சேர்த்து முடித்து வில்லைத் தூக்கினோம். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை. அரங்கத்துச் சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஒரு உருப்படி கேக்கக்கூடவா உனக்கு மனசில்ல? அவ்வளவு மோசமாப் போயிட்டோமா நாங்க?"

"உருப்படி கேக்க வரல ஹெஸ். அந்த ஏ-வை ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தெவிதா உனக்காக எவ்வளவு நேரம் இழுத்தான் தெரியுமா?"

"தெரியும்." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "இறங்கியிருந்துச்சு."

"இல்லவே இல்ல. ஊசி நடுவுல நின்னுச்சு. நானே பாத்தேன்."

"ஊசி நின்னிருக்கும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "அட, அப்போ உன் காது திரும்பி வந்துருச்சுடி! மேலாளர் சொன்ன மாதிரியே! இனி இங்க எல்லாம் சரியாக் கேக்கும்!" அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் கட்டிக்கொள்ளவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. "இல்ல ஹெஸ். அங்க இறங்கிடுச்சு, ஆனா இங்க இன்னும் ஏறித்தான் இருக்கு."

மணி அடித்தார்கள். மேடைக்குப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். முதல் வயலின் அம்மாள் தலையசைத்தார். மெரின் ஊசியைப் பார்த்துக்கொண்டே ஏ கொடுத்தாள். எழுபது பேரும் தந்தியை முறுக்கினார்கள். நானும் முறுக்கினேன். எனக்கு அது சரியாகத்தான் கேட்டது.